தெற்கே சாய்ந்த பிறை

பலாபத்வலையில் பெரிய வீதியை விட்டு மேலே ஏறும் கிறவல் பாதையில் முக்கால் மைல் போனால், உயர்ந்த படிக்கட்டோடு மேற்குப் பார்த்து நிற்பது பதுர்தீன் ஹாஜியாரின் வீடு. அதற்கு ஒரு கதவிலக்கம் உண்டு. தபால்காரர்கூட அதைப் பார்ப்பதில்லை. பிறைவீடு என்றால் போதும். முன்னால் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் மலைவரிசை, மலைவரிசையில் யாரோ கோடரியால் கொத்தியெடுத்தது போல ஓர் இடைவெளி. மார்ச்சிலும் செப்டெம்பரிலும் சூரியன் அந்த இடைவெளிக்குள்தான் இறங்கும்.

ஊருக்குப் பிறை கண்டு சொல்வது மூன்று தலைமுறையாக அந்த வீட்டின் வேலை. யாரும் எழுதிக் கொடுத்த உரிமை அல்ல. பதுர்தீனின் பாட்டனாரான வாப்பிச்சாவின் கண் அப்படி. அதற்குப் பிறகு வாப்பாவின் கண் அப்படி. நோன்பு இருபத்தொன்பது முடிந்த அந்தியில் ஊரார் வீட்டுக்குக் கீழே உள்ள வெளியில் கூடுவார்கள். வாப்பா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நடுவில் நிற்பார். அவர் விரல் நீட்டினால்தான் மற்றவர்களின் கண்ணுக்குப் பிறை தெரியும். அந்த விரலை நம்பி ஊர் நோன்பு பிடித்தது, பெருநாள் எடுத்தது.

இப்போது வீட்டில் அந்த இடம் பதுர்தீனுக்கு. எழுபத்தொரு வயது. மிளகும் கராம்பும் வாங்கி விற்ற கை. இன்னும் வளையாத முதுகு. கண்ணில் வில்லை வைத்த பிறகு பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும் மாட்டின் கொம்பைக்கூட எண்ணுவார். ஆனால் இந்த வருடம் அவருக்கு நோன்பு மாதம் வருவதே பயமாக இருந்தது.

சந்திர வருடம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் குறைவு. அதனால் நோன்பு மாதம் வருடா வருடம் பின்னோக்கி நடக்கும். மழை, பனி, வெயில் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி, முப்பத்திரண்டு வருடத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். தூரத்து வளைவில் தெரிந்த ஓர் ஆள், நடையை மாற்றாமல் நம் வாசலை நோக்கி வருவது போல, அந்த மார்ச் மாதம் வந்துகொண்டிருந்ததை அவர் பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் வந்துவிட்டது. அதே மாதம், அதே இடைவெளி, அதே அந்தி.

இருபத்தொன்பதாம் நோன்பு. அஸர் தொழுகை முடிந்து அவர் படியேறும்போது மஸீஹா வாசலில் காத்திருந்தார்.

மஸீஹா, ஷிஹாமின் மனைவி. ஷிஹாம் மவுத்தாகி முப்பத்திரண்டு வருடம். அவர் மாத்தளை டவுனில் தையல் கடை வைத்திருந்தவர். இருபத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். மஸீஹா மறுமணம் செய்யவில்லை. அதே மெசினை வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்து மகனைப் படிக்க வைத்தார்.

"உள்ளுக்கு வாங்க மஸீஹா. றஸ்மியா ஈக்கிறா" என்று மனைவி இருந்த அறையைக் காட்டினார் பதுர்தீன்.

"வேணாம் நானா. ஒங்களோடதான் ஒரு கத. இங்கயே கேட்டுட்டுப் போறேன்."

அண்ணன் முறையில் அவரை நானா என்று அழைக்கும் மஸீஹா படியில் உட்கார்ந்தார். பெருநாளுக்கு அடுத்த கிழமை கண்டியில் அவருக்கு இருதய ஒப்பரேசன். ஊருக்கே தெரிந்த செய்தி.

"தியேட்டருக்குள்ள போக முன்ன எல்லாத்தையும் தீர்த்துட்டுப் போகோணும். யாருக்கும் ஒண்டும் மிச்சம் வைக்காம. அவருக்கும் சேர்த்து" என்றார் மஸீஹா. "அவரு கடேசி வருசம் பள்ளியில இஃதிகாப் இருந்தது ஒங்களுக்கு நெனவு ஈக்கா?"

பதுர்தீனும் படியில் உட்கார்ந்தார். நினைவு இருக்கிறதா என்பது கேள்வியா?

குழந்தைக்குக் கடும் காய்ச்சல் வந்து தப்பியதால், நோன்பின் கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலை விட்டு வெளியேறாமல் வணக்கத்தில் இருப்பதாக ஷிஹாம் நேர்ச்சை வைத்திருந்தார். பிறை கண்டாயிற்று என்று தக்பீர் முழங்கியதும் இஃதிகாப் முடிந்தது. யாருடையதோ மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு, தைத்து வைத்த பெருநாள் உடுப்புகளை எடுக்க டவுனுக்குப் புறப்பட்டார். பெரிய வீதியின் வளைவில் லொறி.

"மகன் சஜ்ஜாத் இந்தக் கெழம கம்ப்யூட்டர்ல கணக்குப் பாத்தான்" என்றார் மஸீஹா. "அந்த வருசம் இருபத்தொம்பதாம் நோம்பு அன்னைக்கு அமாவாசையே பகல் பன்னெண்டரைக்குத்தானாம். அந்திக்கு அஞ்சாறு மணித்தியாலப் பிறைதானாம். ஒலகத்துல ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாதாம். அப்ப அவருக்கு ஒரு நோம்பு மிச்சம். மௌலவிட்டக் கேட்டேன். மகன் சம்மதிச்சா நான் புடிக்கலாமாம்."

"கம்ப்யூட்டரா மஸீஹா எங்களுக்குப் பிறை காட்டுறது?"

"கம்ப்யூட்டர நான் நம்பல்ல. ஒங்களத்தான் நம்புறேன். சாட்சி ரெண்டு பேர்ல மிச்சம் ஈக்கிறது நீங்கதான். அன்னைக்கு நீங்க கண்டீங்களா நானா?"

"எங்க வாப்பா கண்டாரு."

"ஒங்க வாப்பாவ நான் கேக்கல்லயே."

பதுர்தீன் எழுந்து நின்றார். "பிறைவீட்டுல பொய்ச் சாட்சி இல்ல. நெஞ்சுல வருத்தத்த வச்சிட்டு இதெல்லாம் போட்டுக் கொழப்பிக்காதீங்க. ஊட்டுக்குப் போங்க."

மஸீஹா கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். கடைசிப் படியில் மூச்சு வாங்க நின்று திரும்பினார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பதுர்தீனுக்கு இலேசாக இருந்திருக்கும்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அன்றைக்கு நடந்தது இதுதான்.

இதே வெளியில் இதே நேரம் வாப்பா நடுவில் நின்றார். அந்த வருடம் அவருடைய இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவிடவில்லை. வெகுநேரம் பார்த்திருந்து வாப்பா விரல் நீட்டினார். "அந்தா. ரெண்டு கொம்பும் தெற்க சாஞ்சி. பாருங்க."

ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைய பள்ளி லெப்பை, இரண்டாவது சாட்சி வேண்டும் என்றார். வாப்பா திரும்பினார். பால் போன்ற அந்தக் கண்கள் தன்னைத் தேடித் தன் தோளுக்கு மேலால் நிலைத்ததை பதுர்தீன் பார்த்தார்.

"மகனும் கண்டான்" என்றார் வாப்பா.

இடைவெளியில் செம்மை இருந்தது. அதற்கு மேல் வானம் வெறுமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அந்த நிமிடமே வாப்பாவின் கண் ஊருக்குத் தெரிந்துவிடும். பதுர்தீனுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. விவரம் தெரியாத பருவம் என்று சொல்லவும் இடமில்லை.

"ஓ. கண்டேன்" என்றார் பதுர்தீன்.

எட்டரை மணிக்கு ரேடியோவில், நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும் என்று சொன்னார்கள். ஊர் சிரித்தது. "எங்கட பிறைவீட்ட விடவா ரேடியோவுக்குக் கண்ணு?" மறுநாள் நாடெல்லாம் நோன்பிருக்க அந்த ஓர் ஊர் மட்டும் பெருநாள் எடுத்தது. அந்தப் பெருநாள் பகலில், புது உடுப்போடு ஆட்கள் வரிசையில் நிற்க, ஷிஹாமின் உடல் தாங்கிய ஜனாஸா வந்தது.

அடக்கி முடித்து மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது மஃரிபு ஆகியிருந்தது. மையவாடியின் மரங்களுக்கு மேலே பிறை நின்றது. இரண்டாம் பிறை என்றால் தடித்திருக்க வேண்டும். அது நகத்தின் நுனி போல மெலிந்திருந்தது, முதல் பிறை. இரண்டு கொம்பும் வடக்கே சாய்ந்திருந்தன. மார்ச்சுப் பிறை வடக்கேதான் சாயும். தெற்கே சாய்வது செப்டெம்பர்ப் பிறை. அதற்குப் பதினேழு வருடம் முன்னால் ஒரு செப்டெம்பரில், இதே இடைவெளியில், நாட்டிலேயே முதல் ஆளாக வாப்பா கண்டு பேர் வாங்கிய பிறை அப்படித்தான் நின்றது. பார்வை போன கண்ணுக்குள் வாப்பா அந்தப் பழைய பிறையைப் பார்த்திருக்கிறார். வாப்பா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு சந்திரனைப் பார்ப்பதை பதுர்தீனால் விட முடியவில்லை. கட்டாரில் இருந்த மருமகன் ஒரு பைனாகுலர் கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதில் சந்திரனைப் பார்த்த விதத்தை றஸ்மியா பேத்திமாரிடம் சொல்லிச் சிரிப்பார்: "பொண்ணு பாக்கப் போன நாள்ல என்னைக்கூட இந்த மனிசன் இப்பிடிப் பாக்கல்ல." அவருடைய பார்வையில் ஆசை எதுவும் இருக்கவில்லை. பக்கத்துச் சிங்கள ஊரார் பௌர்ணமிப் போயா நிலவில் முயலைக் காட்டுவார்கள். அவர் கண்டது வேறு: எரிகுழம்பு ஓடி உறைந்த கறுத்த சமவெளிகள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கடல் என்று பேர் எடுத்தவை, அடிபட்ட பள்ளங்கள், தெற்குப் பக்கம் ஒரு குழியிலிருந்து நாலா திசைக்கும் ஓடும் வெள்ளைக் கீறல்கள், கல் பட்ட கண்ணாடி போல. காற்றும் மழையும் இல்லாத இடம். அங்கே விழுந்த அடி அழியாது.

அதைவிட அவரை வாட்டியது அதன் முகம். சந்திரன் பூமியைச் சுற்றிவர எடுக்கும் அதே காலத்தில்தான் தன்னையும் ஒரு தடவை சுற்றிக்கொள்கிறது. அதனால் என்றைக்கும் ஒரே பக்கத்தையே காட்டுகிறது. முதுகு காட்டிப் போய்விடும் என்று நினைக்க இடமில்லை. நம்மைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் முகத்தை எடுக்காத ஒருவர்.

அந்த முகம் அசையாமலும் இல்லை. அதன் ஓட்டத்தில் வேகம் கூடிக் குறைவதால் மாதத்துக்கு மாதம் முகம் கொஞ்சம் இடமும் கொஞ்சம் வலமும் திரும்பும். ஓரத்தில் முட்டை வடிவத்தில் ஒரு கறுத்த சமவெளி உண்டு. ஒருநாள் அது விளிம்போடு ஒட்டி நிற்கும்; பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளே தள்ளி வந்திருக்கும்; மறுபடி விளிம்புக்குப் போகும். எத்தனையோ மாதம் பார்த்த பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. யாரோ மிக மெதுவாகத் தலையை ஆட்டுகிறார்கள். இடம், வலம். இல்லை, இல்லை என்று. அன்றோடு பைனாகுலரை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டினால் என்ன? தலையாட்டல் நிற்கவா போகிறது?

வெளியில் ஊர் கூடிவிட்டது. பாயில் ஈத்தம்பழமும் தண்ணீர்ப் போத்தல்களும். பாங்கு சொன்னதும் நோன்பு திறந்து எல்லோரும் மேற்கே திரும்பினார்கள். மஃரிபு தொழுகையை விரைவாக முடித்துவிட்டு மறுபடியும் வந்து நின்றார்கள். பள்ளித் தலைவர் பஸ்லி, மாத்தளை மார்க்கட்டில் செருப்புக் கடைக்காரர், ஹாஜியாரின் அருகில் வந்து நின்றார்.

"சொணங்காம சுருக்கா கண்டுபுடிங்க ஹாஜியார். எங்கட பொஞ்சாதி பெருநாள் வட்டிலாப்பத்துக்கு முட்டையும் ஒடச்சிட்டா."

"ஒடச்ச முட்டைக்கு நான் பிறைய எங்க போய்ப் பறிச்சிட்டு வாறது?"

"பக்கத்து ஊர்க்காரனுங்க போன் பண்ணி நக்கலடிக்கிறானுங்க. இந்த முறையும் ஒங்களுக்குத் தனி வானமான்னு. நீங்க மட்டும் விரல நீட்டுங்க, அவனுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

சிரிப்பு எழுந்தது. பதுர்தீனும் உதட்டை அசைத்தார். அன்று காலை ஏழு மணிக்குத்தான் அமாவாசை. பிறை தெரியாது என்பது அவருக்குத் தெரியும். வழக்கம் போல நின்றுவிட்டு, காணவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அவ்வளவுதான் வேலை.

இடைவெளியில் செம்மை வடியத் தொடங்கியது. அதற்கு ஒரு முழம் மேலே அவர் பிறையைக் கண்டார்.

மெல்லியது. சுத்தமானது. யாரோ இப்போதுதான் கீறியது போல. இரண்டு கொம்பும் தெற்கே சாய்ந்திருந்தன.

அவர் பக்கத்தில் பார்த்தார். இருநூறு பேர் அதே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்திலும் எதுவும் இல்லை. மறுபடி பார்த்தார். பிறை இருந்தது. மலை ஓரத்துப் பிறை கண்ணெதிரே இறங்கும். சில நிமிடத்தில் மலை விழுங்கிவிடும். இது இறங்கவில்லை. செம்மை சாம்பலாகியது. கீழே பலாபத்வலைக் கடைகளில் விளக்குகள் எரிந்தன. பிறை ஆணி அடித்த இடத்தில் நின்றது. அவர் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள்ளும் பிறை இருந்தது.

வாப்பாவின் பிறை. இதைத்தான் வாப்பா கண்டார். இவ்வளவு தெளிவாகவா? இப்படிக் கண்ட ஒரு மனிதன் எப்படி விரல் நீட்டாமல் இருப்பான்?

வலக்கை தானாக உயர்வதை அவர் உணர்ந்தார். பஸ்லியும் அதைக் கண்டார்.

"ஹாஜியார் கண்டுட்டாரு!" என்றார் பஸ்லி. "எங்க ஹாஜியார்? எந்தப் பக்கம்?"

கூட்டம் நெருங்கியது. யாரோ தக்பீருக்குத் தொண்டையைச் செருமினார்கள். மேலே பள்ளிவாசலின் ஜன்னலில் இஃதிகாப் இருந்த நாலைந்து பேர், வெளியே வரக் கூடாது என்பதால், கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் சால்வையை மடித்துத் தோளில் போட்டிருந்தார். புறப்படத் தயார்.

பதுர்தீன் கையைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. இடக்கையால் பிடித்து இறக்கினார்.

"நான் காணல்ல" என்றார்.

"என்ன ஹாஜியார்? இப்ப கைய..."

"பிறை இல்ல. நாளைக்கு நோம்பு." அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டின் மானம் அப்படியே நின்றிருக்கும். ஆனால் ஜன்னல் கம்பியில் இருந்த அந்த விரல்களை அவர் பார்த்துவிட்டார். "அன்னைக்கும் நான் காணல்ல."

"என்னைக்கு?"

"ஷிஹாம் மவுத்தான அன்னைக்கு. வாப்பாவுக்குக் கண்ணு தெரியல்ல. அவரு கண்டதா நெனச்சாரு. நான் ஒண்டும் காணாம கண்டேன்னு சொன்னேன். அன்னைக்குப் பெருநாள் இல்ல. அது முப்பதாம் நோம்பு."

பஸ்லி அவருடைய முழங்கையைப் பிடித்துக் காதோரம் குனிந்தார். "ஹாஜியார், சும்மா ஈங்க. மனிசர் கேக்குறாங்க."

"கேக்கத்தான் சொல்றேன்."

யாரும் சத்தம் போடவில்லை. ஏசவும் இல்லை. வயதானவர்கள் சிலர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்கள்: அன்றைக்கு யார் யார் நோன்பு கடமையான வயதில் இருந்தோம், யார் யார் மவுத்தாகிவிட்டார்கள் என்று. கூட்டம் அவரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, அவரைத் தொடாமல் கலைந்தது. முப்பத்திரண்டு வருடம் அவருக்கு முன்னால் யாரும் அந்த வெளியை விட்டு இறங்கியதில்லை. அன்று அவர் கடைசியாக இறங்கினார். திரும்பி இடைவெளியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அந்தப் பிறை அங்கே இருக்கிறது என்று.

நேராக மஸீஹாவின் வீட்டுக்குப் போனார். கதவு திறந்திருந்தது. செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில் மஸீஹா உட்கார்ந்திருந்தார்.

"வாயால சொல்லத்தான் வந்தேன்" என்றார் பதுர்தீன், நிலைப்படியில் நின்றபடி. "நான் காணல்ல மஸீஹா. ஷிஹாமுக்கு ஒரு நோம்பு மிச்சம். அந்தச் சாட்சி இல்லாட்டி அவரு அன்னைக்குப் பள்ளிய விட்டு எறங்கியிருக்கவும் மாட்டாரு."

"அது அவரோட ஹயாத்து, ஆயுசு அவ்வளவுதான். நோம்பத்தான் நான் கேட்டேன்." மஸீஹா கண்ணை முந்தானையால் துடைத்தார். "இத முன்ன சொல்லியிருக்கலாம் நானா. வருசா வருசம் அவருக்காக யாஸீன் ஓதுறேன். அவரு ஏதோ ஒண்டக் கேட்டுக்கிட்டு நிக்கிற மாதிரியே ஈக்கும். நான் பைத்தியம்னு நெனச்சேன்."

பதுர்தீன் தலையைக் குனிந்தார். அந்த முதுகு வளைந்ததை அந்த வீட்டுச் சுவர்கள் மட்டும் கண்டன. மன்னிப்பு என்று சொல்ல வாயெடுத்தார்.

மஸீஹா அதற்குக் காத்திருக்கவில்லை. "ஒங்க வாப்பாவும் அன்னைக்கு நோம்பு புடிக்கல்லயே. அது யாரு புடிக்கிறது?"

அவர் நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ கணக்குப் போட்டவர். அமாவாசை எத்தனை மணிக்கு, கொம்பு எந்தப் பக்கம் என்று தேடித் தேடிப் படித்தவர். வாப்பாவின் மானத்தைக் காப்பதாக நினைத்து, வாப்பாவை ஒரு நோன்பு குறைந்தவராகவே கபுறுக் குழியில் வைத்திருந்தது மட்டும் ஒருநாளும் அவருக்குத் தோன்றவில்லை.

"நான்தான் புடிக்கோணும்" என்றார்.

பெருநாளுக்கு எப்போதும் போல வருகிறவர்களுக்காக ஒரு பெரிய சட்டி வட்டிலாப்பம் வைத்து வீட்டார் காத்திருந்தார்கள். பிறைவீட்டுப் படியில் பஸ்லி மட்டும் ஏறி வந்து, சாப்பிடாமல் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் இரவு இஷாத் தொழுது முடித்து, பதுர்தீன் பாயை விரித்து உட்கார்ந்தார். நோன்பின் நிய்யத்தை, பிடிக்கப்போகும் எண்ணத்தை, வாய்விட்டுச் சொல்வது அந்த வீட்டின் வழக்கம். யாருக்காக, எந்த நோன்பு என்று சொல்ல வேண்டும்.

அடுத்த அறையில் றஸ்மியா இருந்தார். கதவை மூடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம். தொறந்தே ஈக்கட்டும்" என்றார்.

வாப்பாவின் பேரைச் சொன்னார். விடுபட்ட ஒரு நோன்பு என்று சொன்னார். குரல் ஒருமுறை நின்றது. வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் கேட்கும்படி அவர் முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.